ஏற்பட்டதும் அல்ல, கூடியதும் அல்ல

1

பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு தாள் இருந்தது. 1993-ஆம் வருடத்துத் தாள். மடிப்புகளில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டப்பட்டு, அந்த டேப்பும் பழுப்பேறிப் போயிருந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த அதில் மூன்று விஷயங்கள் எனக்குப் புரிந்தன. நோயின் பெயர் நியூரோசிஸ். ஊனத்தின் அளவு 40 சதவீதம். இந்த நோய் ராணுவப் பணியால் ஏற்பட்டதும் அல்ல, ராணுவப் பணியால் கூடியதும் அல்ல. கடைசி விஷயத்துக்கு மட்டும் ஒரு வரியில் காரணம் சொல்லியிருந்தார்கள்: நோய் ஆரம்பித்தது அமைதி நிலையத்தில்.

அமைதி நிலையம் என்றால் எல்லையோ போர்முனையோ அல்லாத கண்டோன்மென்ட். பெரியப்பா 1982-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். எங்கள் வேலூர்ப் பக்கம் அது பெரிய சமாச்சாரம் இல்லை, தெருவுக்கு நாலு பேர் மில்ட்ரியில் இருப்பார்கள். 1987 அக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படையோடு யாழ்ப்பாணம் போனார். 1990-இல் திரும்பினார். இரண்டு வருடம் கழித்து, வடக்கே ஓர் அமைதி நிலையத்தில், ஒரு ராத்திரி காவல் முடிந்ததும் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டு ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தவர், மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. ஆஸ்பத்திரி, மெடிக்கல் போர்டு, அப்புறம் வீடு. பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருந்ததால் ஒரு சின்ன பென்ஷன் வந்தது. ஊனத்துக்கான பகுதி வரவில்லை. நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியாகிவிட்டதே.

2016-இல் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. மில்ட்ரி கேண்டீன் வரிசையில் நின்ற ஒரு ரிட்டயர்ட் ஹவில்தார், “இந்த மாதிரி கேஸெல்லாம் இப்ப ஜெயிக்குது, போடுங்க” என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு யோசனையும் சொன்னாராம்: “அங்க இன்னா நடந்துச்சுன்னு நல்லா உருக்கமா எழுதணும். படிக்கிறவனுக்குக் கண்ணுல தண்ணி வரணும்.” வீட்டில் கதை கவிதை என்று திரிகிறவன் நான் ஒருத்தன்தான். “நீதான் எழுதறவனாச்சே” என்று பெரியம்மா தாளை என்னிடம் கொடுத்துவிட்டார்.

எனக்கு அப்போது 23 வயது. ஒரு மனு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. அதைவிட, அந்த மனுவை நான் எழுதலாமா கூடாதா என்று ஒரு கேள்வி வரும் என்பது சுத்தமாகத் தெரியாது.

2

எங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் இலங்கை அகதிகள் முகாம் ஒன்று உண்டு. முகாம் பெண்கள் எங்கள் தெருவுக்கு வேலைக்கு வருவார்கள், எங்கள் கடைகளில் சாமான் வாங்குவார்கள். அவர்களில் யாராவது பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தால் பெரியப்பா அங்கிருந்து போய்விடுவார். மளிகைக் கடையில் காசைக் கொடுத்துவிட்டுச் சாமானை வாங்காமலே நடந்து வந்த நாட்கள் உண்டு. பெரியம்மா போய் வாங்கி வருவார். “அவருக்கு அந்த ஜனங்களக் கண்டா ஆவாது” என்பதுதான் வீட்டில் எல்லோருடைய முடிவும். பட்டாளத்தில் இருந்தவர், கூட இருந்தவர்களைச் சாகக் கொடுத்தவர், அந்தக் கோபம் என்று நாங்கள் விளக்கிக்கொண்டோம்.

எனக்கு இது சின்ன விஷயமாக இருக்கவில்லை. 2013 மார்ச்சில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஈழத்துக்காக நடந்த போராட்டத்தில் நானும் இருந்தேன். வெயிலில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கோஷம் போட்டேன். அமைதிப் படை அங்கே என்ன செய்தது என்று ஈழத்து எழுத்துகள் வழியாகப் படித்திருந்தேன். 1987 அக்டோபர் 21-ஆம் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டதைப் படித்த இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்த மாதம் என் பெரியப்பா அந்த ஊரில்தான் இருந்தார். அந்த இடத்தில் இல்லை என்று பெரியம்மா சொல்வார். நான் அவரிடம் நேரே கேட்டதில்லை. போராட்டத்துக்குப் போய்வந்த நாட்களில் இருவரும் ஒரே அறையில் டிவி பார்த்தோம், ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அவருக்காக உருக்கமாக எழுத வேண்டும்.

சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினேன். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்’, பி.டி.எஸ்.டி. என்று எழுதிக் கொடுத்தார். 1992-லேயே இதுதான், அன்றைக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றார். நான் ஒரு நோட்டு வாங்கி வந்து பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அங்க இன்னா நடந்துச்சு பெரியப்பா?”

“சண்டை நடந்துச்சு.”

“உங்களுக்கு இன்னா ஆச்சு?”

“எனக்கு இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவலியே. ரெண்டு கையி ரெண்டு காலோட வந்தேன்.”

பத்து நாள் இப்படியே போனது. கடைசியில் பொறுமை போய் நானே எழுதினேன். படித்தவற்றிலிருந்து ஒரு கண்ணிவெடி, ஒரு லாரி, லாரியில் பெரியப்பாவின் நண்பர்கள், அதற்கப்புறம் அவருக்கு வரும் கனவுகள். மூன்று பக்கம். நன்றாகவே வந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டுப் பெரியப்பா கேட்டார்:

“நல்லா எழுதியிருக்கியே. யாருடா இது?”

3

அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஆனால் நான் ஏன் பொய் எழுதினேன் என்பது மனதில் நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பும்படியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். கேட்கப் போகிறவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்கிறது. இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் இருந்த சிப்பாய்கள் உடம்பில் காயமே இல்லாமல் பேச்சிழந்தார்கள், பார்வையிழந்தார்கள், கைகால் நடுங்கி விழுந்தார்கள். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையில் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் அச்சேறியது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு உடனே ஒரு கணக்குப் பிரச்சினை வந்தது. இவர்கள் காயம்பட்டவர்களா, நோயாளிகளா? ஆகவே இரண்டு முத்திரை வைத்தார்கள். எதிரியின் குண்டு பக்கத்தில் வெடித்து அதனால் மனம் கலங்கியிருந்தால் அது காயம். அவனுக்குக் காயம்பட்டவனுக்குரிய பட்டையும் பென்ஷனும் உண்டு. பக்கத்தில் குண்டு வெடிக்காமல் கலங்கியிருந்தால் அது வெறும் சுகவீனம். பட்டையும் இல்லை, பென்ஷனும் இல்லை. நடுங்குகிற இரண்டு கைகளில் ஒன்று கௌரவமான நடுக்கம், மற்றது அப்படி இல்லை. 1917-இல் ஷெல் ஷாக் என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டாம் என்றும், ‘இன்னும் கண்டறியப்படவில்லை, நரம்பு சம்பந்தமானது’ என்று குறித்தால் போதும் என்றும் உத்தரவு வந்தது.

ஜெர்மனி இதில் இன்னும் ஒரு படி போனது. விபத்தால் வரும் மனக்கோளாறுக்கு நஷ்டஈடு தரலாம் என்று 1889-இல் ஒப்புக்கொண்ட அதே அரசுக் காப்பீட்டு அலுவலகம், போரெல்லாம் முடிந்து 1926-இல் அதை மாற்றியது. இவர்கள் நோயுற்றிருப்பதால் பென்ஷன் கேட்கவில்லை, பென்ஷன் ஆசையால்தான் நோயுற்றிருக்கிறார்கள், பென்ஷனை நிறுத்தினால் நோய் நின்றுவிடும் என்ற வாதம் வென்றது. ‘பென்ஷன் நியூரோசிஸ்’ என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. கேட்பதே நோயின் அறிகுறி என்று ஆகிவிட்டால் அப்புறம் எவன் கேட்பான்?

அமெரிக்காவில் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் 1970-களில் தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், சாய்ம் ஷட்டன் போன்ற மருத்துவர்கள் கூட உட்கார்ந்து கேட்டார்கள். அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 1980-இல் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அதிகாரபூர்வமான நோய்ப் பட்டியலில் ஏறியது. பெயர் வந்தும் சந்தேகம் போகவில்லை. 2005-இல் அங்கே முன்னாள் வீரர்களுக்கான துறை, முழு ஊனத்தொகை வாங்கிக்கொண்டிருந்த சுமார் 72,000 பி.டி.எஸ்.டி. கோப்புகளை மறுபடியும் துருவப் போவதாக அறிவித்தது. அந்த வருடம் நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். மாதிரிக்கு எடுத்துப் பார்த்த 2,100 கோப்புகளில் அவர்கள் கண்டது அலுவலகத்தின் ஆவணக் குறைகள். மோசடி அல்ல.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த நோய்க்கு ஒரு விசித்திரம் உண்டு. நடந்ததை நினைக்காமல் இருக்க, நினைவூட்டும் ஆட்களையும் இடங்களையும் பேச்சையும் தவிர்க்க மனிதன் படாதபாடு படுவான். மருத்துவ நூலில் அதுவே முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. மனு கேட்பதோ நேர் எதிரானதை: நடந்ததைத் தேதியோடு, இடத்தோடு, வரிசையாகச் சொல். சரளமாகச் சொல்கிறவனைப் பார்த்தால், இவனுக்கு நோய் இல்லையோ என்று தோன்றும். சொல்ல முடியாதவனிடம் ஆதாரம் இல்லை. ‘அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்பவர்கள், அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதுதான் நோய் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

‘பிந்தைய’ என்று நோயின் பெயரிலேயே இருக்கிறது. சண்டை நடக்கும்போது மனம் தாங்கிக்கொள்ளும். பயமில்லாத இடத்துக்கு வந்தபிறகு உடையலாம். இதை அறியாமல், ‘அமைதி நிலையத்தில் ஆரம்பித்தது, ஆகவே பணிக்குச் சம்பந்தமில்லை’ என்று எழுதுவது, கரையேறிய பிறகுதானே இருமினான், ஆகவே தண்ணீர் குடிக்கவில்லை என்று சொல்வது மாதிரி.

4

ஆனால் சந்தேகப்படுகிறவன் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டும். இல்லையென்றால் இது வெறும் புலம்பல் ஆகிவிடும்.

பொய் சொல்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். நானே மூன்று பக்கம் பொய் எழுதினேனே. ஊனத்தொகை வரிப்பணம். ஊனமில்லாதவனுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் வேறு யாருக்கோ போக வேண்டியது. எக்ஸ்-ரேயில் தெரியாத, ரத்தப் பரிசோதனையில் காட்டாத ஒரு நோயை, நோயாளியின் வாய்வார்த்தையை மட்டும் நம்பி எப்படி அளப்பது? ஒரு நல்ல அதிகாரிக்கு இது உண்மையான சங்கடம். அவரை வில்லனாக்கிவிட்டுத் தப்பிக்க முடியாது.

இங்கே இரண்டு தவறுகள் நடக்க வாய்ப்பு இருக்கிறது. நோயில்லாத ஒருவனுக்குக் கொடுத்துவிடுவது ஒன்று. நோயுள்ள ஒருவனுக்கு மறுப்பது இன்னொன்று. இரண்டையும் முழுசாக ஒழிக்கிற பரிசோதனை எதுவும் கிடையாது. ஒன்றைக் குறைக்க விதியை இறுக்கினால் மற்றது கூடும். ஆகவே கேள்வி, ‘உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்பது மட்டுமல்ல. ‘எந்தத் தவறை நாம் அதிகம் பொறுத்துக்கொள்வோம்?’ என்பதும்தான். இந்தக் கேள்விக்கு மருத்துவம் பதில் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

முதல் தவறில் அரசுக்குப் பணம் நஷ்டம். இரண்டாவதில் ஒரு மனிதனுக்குப் பணம் மட்டும் நஷ்டமில்லை. அவனுக்கு நடந்தது நடக்கவில்லை என்று முத்திரை குத்தப்படுகிறது. அந்தத் தாளைப் பெரியப்பா 23 வருடம் டேப் ஒட்டி ஒட்டி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “கவர்மெண்டு குடுத்தது ஆச்சே” என்றார். அவரைப் பொறுத்தவரை தன்னைப் பற்றி அரசாங்கம் எழுதிய தீர்ப்பு அது. நோய் தன்னுடைய சொந்தக் கோளாறு, பிறவிக் குணம், பலவீனம் என்று அவரும் நம்பத் தொடங்கியிருந்தார்.

இந்த இரண்டு தவறுகளும் சமமில்லை. இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. ஒருவனைப் பட்டாளத்தில் எடுக்கும்போது அவனை அளக்காத இடமில்லை. உயரம், மார்பு, கண், காது, பாதம். ராணுவ உடல்தகுதி முறைக்கு ஆங்கில எழுத்துகளில் ‘ஷேப்’ என்று பெயர், அதில் முதல் எழுத்தே மனநிலைக்கு உரியது. அப்படிச் சோதித்துத் ‘தகுதி’ என்று எழுதிய அதே அமைப்பு, பத்து வருடம் தன் பிடியிலேயே வைத்திருந்து, தான் சொன்ன இடத்துக்கெல்லாம் அனுப்பி, புகார் சொல்லாதவனே நல்ல சிப்பாய் என்று பழக்கிவிட்டு, கடைசியில் அவன் உடைந்ததும், ‘எங்களால் என்று நிரூபி’ என்றால், அது எந்த நியாயத்தில் சேரும்? பதிவேடுகள் யாரிடம் இருக்கின்றன? அனுப்பிய உத்தரவுகள் யாரிடம் இருக்கின்றன? அவனிடம் இருப்பது ஒரு டிரங்குப் பெட்டி.

அதிகாரம் யாரிடம் இருந்ததோ, சந்தேகத்தின் பாரத்தையும் அவர்தான் சுமக்க வேண்டும். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. நம் நாட்டு விதியிலேயே இருந்தது. ராணுவ ஊன ஓய்வூதியத்துக்கான 1982-ஆம் வருட விதிகள், சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படாவிட்டால் அவன் நலமாகச் சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும், கேட்பவனை நிரூபிக்கச் சொல்லக் கூடாது, நியாயமான சந்தேகம் வந்தால் அதன் பலன் அவனுக்கே என்று சொல்லின. விதி இருந்தும் என்ன, பெரியப்பாவின் தாள் மாதிரி ஆயிரம் தாள்கள். 2013 ஜூலையில் தரம்வீர் சிங் என்ற முன்னாள் சிப்பாயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை எடுத்து வைத்து, காரணம் சொல்லாமல் ‘சம்பந்தமில்லை’ என்று எழுதும் போர்டு அபிப்பிராயம் செல்லாது என்றது. அவருக்கு இருந்தது வலிப்பு நோய். ஆனால் தீர்ப்பின் தர்க்கம் மனநோய்க்கும் பொருந்தியது. கேண்டீன் ஹவில்தார் ‘ஜெயிக்குது’ என்று சொன்னது இதைத்தான். அவருக்குத் தர்க்கம் தெரியவில்லை, கண்ணீர்தான் ஜெயிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

5

இவ்வளவும் யோசித்து முடித்து ஒரு சாயங்காலம் பெரியப்பாவிடம் சொன்னேன். “நீங்க எதையும் நிரூபிக்க வேண்டாம் பெரியப்பா. ரூல்ஸே அப்படித்தான் கீது.” ஒரு நிம்மதிக்காகத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், நோட்டு கையில் இல்லாத அன்றைக்குத்தான், சொன்னார்.

அவருடைய பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதனால் சோதனைச் சாவடியில் அவரை நிறுத்துவார்கள். அதிகாரி இந்தியில் சொல்வதை இவர் தமிழில் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்து, பையைத் திற, கையைத் தூக்கு. ஜனங்கள் இவருடைய தமிழைக் கேட்டதும் முகம் மாறுவார்களாம். “நம்மாளு ஒருத்தன் கீறான்னு ஒரு தைரியம் வரும் அவங்களுக்கு. அத பாத்துகினே நிப்பேன்.”

ஒரு நாள் ஒரு பையனை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். பத்தொன்பது இருபது வயசு இருக்கும். மத்தியானம் அவன் அம்மா வந்தார். நேரே இவரிடம் வந்து, “தம்பி, என்ர பெடியன் எப்ப வருவான்?” என்று கேட்டார். இவர் திரும்பி அதிகாரியைக் கேட்டார். ‘நாளைக்கு என்று சொல்லி அனுப்பு’ என்றார் அவர். “நாளைக்கு வந்துடுவாம்மா, நீங்க பயப்படாம வூட்டுக்குப் போங்க”ன்னு சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுப் போனார் அந்த அம்மா. மறுநாள் காலையில் பெரியப்பாவின் பிரிவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

“வந்தானா பெரியப்பா?”

“தெரியலியேடா. வந்திருப்பான். வராமயும் இருந்திருப்பான். அந்தம்மா நாளைக்கு அங்க வந்து, என்னத் தேடியிருக்கும் இல்ல?”

அவ்வளவுதான் கதை. கண்ணிவெடி இல்லை, லாரி இல்லை. அவருக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. அவரும், சட்டப்படி பார்த்தால், யாருக்கும் எதுவும் செய்யவில்லை. ஒரு வாக்கியத்தை இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றினார். மளிகைக் கடையில் அந்த ஜனங்களின் பேச்சு காதில் விழுந்ததும் சாமானை விட்டுவிட்டு ஏன் ஓடி வந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெறுப்பு என்று 20 வருடமாக வீடே நினைத்துக்கொண்டிருந்தது.

“இத எழுதட்டா?” என்றேன்.

“எழுதாத. இது எனக்கு நடந்தது இல்லடா. அவங்களுக்கு நடந்தது. இதுக்கு நான் காசு வாங்கறதா?”

அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, வியட்நாம் வீரர்களோடு பல வருடம் வேலை செய்தவர், ‘அறக்காயம்’ என்று நாம் மொழிபெயர்க்கக்கூடிய ஒரு சொல்லைப் பரவலாக்கினார். மேலதிகாரம் நியாயத்துக்குத் துரோகம் செய்யும்போது கீழே இருப்பவனுக்குப் படும் காயம் என்பது அவர் கொடுத்த அர்த்தம். பின்னால் வந்தவர்கள், ஒருவன் தன் மனசாட்சிக்கு விரோதமாகத் தானே செய்ததாலும், தடுக்காமல் நின்றதாலும் படும் காயத்தையும் அதில் சேர்த்தார்கள். பயத்தால் வரும் காயம் வேறு, இது வேறு. இதற்கு மனுவில் கட்டம் கிடையாது. ‘உனக்கு என்ன நடந்தது?’ என்றுதான் கேட்கிறார்கள். ‘உன் வழியாக என்ன நடந்தது?’ என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது எனக்கு வந்த கேள்வி கொஞ்சம் கூர்மையானது. ஒரு படையில் இருந்ததற்காக வருந்துகிறவனுக்கு, அந்தப் படையை அனுப்பிய அரசு தரும் ஊனத்தொகை சரியா? அங்கே பிள்ளையைத் தொலைத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்காதபோது, இங்கே தூக்கம் தொலைத்தவருக்குக் கிடைப்பது நியாயமா? 2013-இல் கோஷம் போட்ட பையன் எனக்குள் இருந்து கேட்டான். 1990 மார்ச்சில் படை திரும்பி வந்தபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போக மறுத்தார். தமிழ்நாட்டில் பலருக்கு அது சரியென்றே பட்டது, எனக்கும் சரியென்றே படும். அந்தக் கப்பல்களில் வந்து இறங்கியவர்களில் இந்த மனிதரும் ஒருவர்.

ரொம்ப நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஊனத்தொகை பரிசு இல்லை. நீ செய்தது சரி என்ற சான்றிதழும் இல்லை. பாவமன்னிப்பும் இல்லை. அது ஒரு கணக்கு. ‘நாங்கள் உன்னை அனுப்பினோம். நீ போனபோது இருந்தது போல் திரும்பவில்லை’ என்று அனுப்பியவர் ஒப்புக்கொள்வது. போன காரியம் நல்லதா கெட்டதா என்பது தனிக் கேள்வி. சொல்லப்போனால், காரியம் தப்பானதாக இருந்தால் அனுப்பியவரின் கடன் கூடுமே தவிரக் குறையாது. தப்பான காரியத்தின் பாரத்தை 24 வயது சிப்பாய் ஒருத்தன் மட்டும் ராத்திரி ராத்திரி சுமந்துகொண்டிருக்க, அனுப்பியவர்கள் ‘சம்பந்தமில்லை’ என்று எழுதிவிட்டுப் போவது, அந்த அம்மாவுக்கும் சேர்த்துச் செய்யும் அநியாயம். ஒன்றும் நடக்கவில்லை என்பதுதானே அந்தத் தாளின் அர்த்தம்.

6

வக்கீல் சென்னையில் இருந்தார், ராணுவத் தீர்ப்பாயத்தில் வாதாடுபவர். நான் தயங்கித் தயங்கி, “நடந்தது என்னன்னு எழுதணுமே சார், அவர் சொல்ல மாட்டேங்கறார்” என்றேன். பெரியப்பா சொன்னதை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

வக்கீல் சிரித்தார். “யாரு தம்பி கதை கேட்டா? எனக்கு ரெண்டு பேப்பர் போதும். சேரும்போது ஃபிட்டுன்னு இருக்கா? இருக்கு. போர்டு ‘இல்ல’ன்னு சொன்னதுக்கு ஒழுங்கா காரணம் எழுதியிருக்கா? இல்ல. முடிஞ்சுது. ஐயா ஒரு வார்த்தை பேச வேண்டாம்.”

பெரியப்பா அவரைப் பார்த்தார். “பேச வேண்டாங்களா?” என்று இன்னொரு தடவை கேட்டார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன்.

நிரூபிக்கும் பாரம் யார் மேல் என்பது சட்டக்காரர்களின் நுணுக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு மனிதனுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கும் உரிமையைத் தருகிறது என்று அந்த அறையில்தான் விளங்கியது. தன் வலியை யாருக்கும் விற்றுக் காட்டாமல் தன் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. ‘உருக்கமா எழுதணும்’ என்று கேட்கும் கருணையைவிட, ‘எழுத வேண்டாம்’ என்று சொல்லும் விதி மரியாதையானது. 2023-இல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க வேண்டும் என்ற பேச்சும் கூடவே வந்தது. அந்தப் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விதி எப்படி மாறினாலும், சந்தேகத்தை யார் சுமப்பது என்ற இடத்தில் அது மாறிவிடக் கூடாது என்றுதான் கவலை.

இரண்டு வருடம் போனது. 2018-இல் உத்தரவு வந்தது. நோய் பணியால் கூடியதாகக் கொள்ளப்படும். 40 சதவீதம் 50-ஆகக் கணக்கிடப்படும். பாக்கித்தொகை, மனுப் போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும். பெரிய பணம் இல்லை. பெரியம்மா வீட்டுக்குத் தளம் போட்டார்.

உத்தரவை நான் தமிழில் படித்துச் சொன்னேன். பெரியப்பா கேட்டார்: “‘கூடியதும் அல்ல’ன்னு இருந்துச்சே, அது போச்சா?”

“போச்சு பெரியப்பா.”

“அப்ப ஒத்துகினாங்க.”

“ஒத்துகினாங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “அந்தம்மாவுக்கு எவனாவது இப்படி ஒரு பேப்பர் குடுத்திருப்பானா?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரம் பந்தல் போட்டு உட்கார்ந்ததை அவர் டிவியில் பார்த்திருந்தார் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் 2009-க்காக. சிலர் அதற்கும் பல வருடம் முந்தையவர்களுக்காக. அவர்களிடமும் கேட்கப்படுவது அதேதான்: எந்தத் தேதி, எந்த இடம், யார் கூட்டிப்போனார்கள், சாட்சி யார், நிரூபி. பதிவேடுகள் அவர்களிடமும் இல்லை. அதிகாரம் அவர்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை. சந்தேகத்தின் பலன் என் பெரியப்பாவுக்கு உரியது என்றால், அவர்களுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு உரியது. முதலாவதுக்கு இங்கே ஒரு விதியும் ஒரு வக்கீலும் இருந்தார்கள்.

பெரியப்பா புது உத்தரவைப் பழைய தாளோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்றேன். “இருக்கட்டும்” என்றார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். இன்னமும் மளிகைக் கடைக்குப் பெரியம்மாதான் போகிறார். 50 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. மீதியைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை.